நிறுத்தி வைத்த மின்சாரக் காரில் பெறுமதியான பொருட்களைக் களவு போகாமல் காப்பது: யாழ்ப்பாணத்தாருக்கான முழுமையான வழிகாட்டி

2020ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியதிலிருந்து, யாழ்ப்பாண வீதிகளில் பழைய நிசான் லீஃப் கார்களோடு பிவைடி போன்ற புதிய மின்சாரக் கார்களையும் காண்கிறோம். வாங்குபவர்கள் பற்றரியின் ஆயுளையும் ஓடும் தூரத்தையும் நன்றாக விசாரித்துத்தான் வாங்குகிறார்கள். ஆனால் காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுப் போகும்போது உள்ளே கிடக்கும் பொருட்களுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்பவர்கள் குறைவு.

களவைப் பொறுத்தவரை மின்சாரக் காருக்கென்று சில தனித் தன்மைகள் உண்டு. அது சத்தமின்றி இயங்குவதால், நிறுத்தப்பட்டதா இன்னும் இயக்கத்தில் இருக்கிறதா என்பது உரிமையாளருக்கே சில வேளை தெரியாமல் போகிறது. மின்னேற்றத்துக்காக அது ஒரே இடத்தில், ஊகிக்கக்கூடிய நேரத்துக்கு, அசையாமல் நிற்கிறது. கதவுப் பூட்டும் அலாரமும் பெரிய பற்றரியிலன்றி, ஒரு சிறிய 12 வோல்ற் பற்றரியிலேயே தங்கியிருக்கின்றன. கீழே வரும் படிகள் யாவும் இவற்றை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன.

படி 1: எது காரில் ஏறலாம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள்

காரில் விட்டுச் செல்லவே கூடாத பொருட்கள் சில உள்ளன: நகை, காசு, கடவுச்சீட்டு, காணி உறுதி, தேசிய அடையாள அட்டை, வீட்டுச் சாவி, காரின் இரண்டாவது சாவி. இவற்றை நீங்கள் இறங்கும் இடத்துக்குக் கையோடு கொண்டுபோக முடியாதென்றால், அவை அன்று வீட்டை விட்டு வெளிக்கிடத் தேவையில்லை என்றே கொள்ளுங்கள்.

எமது ஊரில் இந்த விதி பிழைக்கும் சந்தர்ப்பங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. கலியாணத்துக்காக வங்கிப் பெட்டகத்திலிருந்து எடுத்த நகைப்பையை டிக்கியில் வைத்துக்கொண்டு, போகும் வழியில் பூவும் பழமும் வாங்க இறங்குகிறோம். காணி அலுவலாகக் கச்சேரிக்கும் நொத்தாரிசிடமும் போகிற நாளில் மூல உறுதியைக் கோப்போடு பின்னிருக்கையில் விடுகிறோம். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கடவுச்சீட்டு, பயணச்சீட்டு, வெளிநாட்டுக் காசு எல்லாவற்றையும் ஒரே தோள்பையில் போட்டு, அதைக் காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறார். இப்படியான நாட்களில் அந்தப் பைக்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அவர் இறங்கினால் பையும் இறங்க வேண்டும். எல்லோரும் கவனிப்பார்கள் என்று விட்ட பையை ஒருவரும் கவனிப்பதில்லை. கஸ்தூரியார் வீதியில் நகை வாங்கினால், அன்றைய கடைசி வேலையாக அதை வைத்துக்கொண்டு நேரே வீடு செல்லுங்கள்.

வாகனப் பதிவுச் சான்றிதழின் மூலப் பிரதியைக் காரில் வைக்காதீர்கள். அதில் உங்கள் முகவரி இருக்கிறது. அதோடு வீட்டுச் சாவியும் அகப்பட்டால் அடுத்த களவு வீட்டில் நடக்கும். இதே காரணத்துக்காக, வழிகாட்டித் திரையில் ‘வீடு’ என்று பதிவு செய்யும் இடத்தை உங்கள் ஒழுங்கையில் வைக்காமல் அருகிலுள்ள சந்தியில் வைப்பது நல்லது. சந்தியிலிருந்து வீட்டுக்கு வழிகாட்ட உங்களுக்கு ஒருவரும் தேவையில்லை.

கைத்தொலைபேசியையும் மடிக்கணினியையும் விட்டுச் செல்லாமலிருப்பதற்குக் களவோடு வெப்பமும் காரணம். சித்திரை, வைகாசி வெயிலில் பூட்டிய காருக்குள் காற்றின் வெப்பம் 45 பாகை செல்சியசை எளிதில் தாண்டும். டாஷ்போர்ட் அதைவிடவும் சூடாகும். ஐபோனை 45 பாகைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று அதன் தயாரிப்பாளரே அறிவுறுத்துகிறார்.

படி 2: டிக்கியைப் புறப்படும் முன் ஒழுங்குபடுத்துங்கள்

பொருளை மறைப்பது மட்டும் போதாது. மறைப்பதை ஒருவரும் பார்க்காமலிருக்க வேண்டும். நிறுத்துமிடத்துக்கு வந்து இறங்கி, டிக்கியைத் திறந்து, மடிக்கணினிப் பையை உள்ளே தள்ளி, துணியால் மூடி, பூட்டிவிட்டுச் செல்பவர், எந்தக் கார் என்பதையும் எந்த இடம் என்பதையும் பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் காட்டிவிட்டே செல்கிறார். ஆகவே வைக்க வேண்டியதை வீட்டு வளவிலேயே வைத்துவிடுங்கள். கடையில் வாங்கிய பொருளை டிக்கியில் வைத்துவிட்டு மீண்டும் வேறு கடைக்குப் போக வேண்டியிருந்தால், காரை அங்கிருந்து எடுத்து வேறோரிடத்தில் நிறுத்திவிட்டுப் போவது சிரமமானாலும் பயன் தரும்.

லீஃப், பிவைடியின் அட்டோ 3, டொல்பின் போன்ற கார்களில் டிக்கி தனி அறையாக இல்லை. பின்கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாலே உள்ளிருப்பது தெரியும். கண்ணாடி ஒன்று உடைந்தால் கை உள்ளே போய்விடும். டிக்கி மூடி இல்லாமல் வந்த காரானால் ஒன்றைத் தேடிப் பொருத்துங்கள், அல்லது டிக்கியின் அளவுக்கு வெட்டித் தைத்த கறுப்புத் துணியை ஓரங்களில் கொளுவி இறுக்கமாக விரியுங்கள். ஒரு பொருளின் மேல் மட்டும் போர்த்திய துவாய், அதன் கீழே ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிடும். டிக்கி முழுவதையும் எப்போதும் மூடியிருக்கும் துணியிலிருந்து ஒன்றும் தெரியாது. பொருள் இருக்கும் நாளிலும் இல்லாத நாளிலும் அது ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

இனி ஒரு எச்சரிக்கை. சிலர் இரும்புப் பெட்டி ஒன்றை வாங்கி, காரின் தரையில் துளையிட்டு ஆணி முறுக்கிப் பொருத்த நினைக்கிறார்கள். மின்சாரக் காரில் அதை ஒருபோதும் செய்யக் கூடாது. பெரிய பற்றரி தரையின் கீழேதான் கிடக்கிறது. செம்மஞ்சள் நிற உயர் அழுத்த வயர்களும் அடிப்பகுதியில் ஓடுகின்றன. துளையிடும் கருவி தவறினால் உயிராபத்தும் தீ அபாயமும் உண்டு. பெட்டி தேவையென்றால், முறுக்கிய இரும்பு வடத்தோடு வரும் சிறிய பெட்டியை வாங்கி, வடத்தை இருக்கையின் இரும்புச் சட்டத்தைச் சுற்றிக் கொளுவுங்கள். நிதானமாக வேலை செய்யும் கள்ளனை அது தடுக்காது. கண்ணாடியை உடைத்து அரை நிமிடத்தில் எடுத்துக்கொண்டு ஓட வந்தவனைத் தடுக்கும்.

தொலைபேசி தாங்கி, தொங்கும் சார்ஜர் வயர், கதவுப் பையில் கிடக்கும் சில்லறைக் காசு ஆகியவற்றையும் அகற்றுங்கள். வயர் தெரிந்தால் தொலைபேசியும் உள்ளே இருக்கும் என்று ஊகிப்பார்கள்.

படி 3: இடத்தைத் தெரிவு செய்யுங்கள்

நிழலைத் தேடி ஒதுக்குப்புறத்தில் நிறுத்தும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. பூட்டிய கடையின் பக்கச் சுவரை விட, ஆட்கள் அமர்ந்திருக்கும் தேநீர்க் கடையின் எதிர்ப்புறம் வெயிலாக இருந்தாலும் மேலானது. இயன்றவரை டிக்கிப் பக்கம் மதிலை ஒட்டி நிற்கும்படி பின்னோக்கிச் செலுத்தி நிறுத்துங்கள். டிக்கியைத் திறக்க இடமில்லாமல் போகும். கட்டணம் வாங்கும் தரிப்பிடத்தில் கொடுக்கும் துண்டு, இடத்துக்கான வாடகையே தவிரக் காவலுக்கான உத்தரவாதம் அல்ல.

படி 4: பூட்டுப்பட்டதா என்று கண்ணாலும் கையாலும் பாருங்கள்

எஞ்சின் சத்தம் நின்றதும் கார் நின்றுவிட்டது என்று அறிந்து பழகியவர்களுக்கு மின்சாரக் காரில் அந்த அடையாளம் இல்லை. லீஃப் காரில் இயக்க நிலையைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே இறங்கிப் போய்விட முடியும். எனவே ஒரு வரிசையைப் பழகுங்கள். முதலில் தரிப்பு (P) நிலைக்கு மாற்றி, இயக்கும் பொத்தானை அழுத்தி நிறுத்தி, விளக்கு அணைந்ததைப் பாருங்கள். பிறகு யன்னல்கள் நான்கையும் முழுமையாக மூடுங்கள். இறங்கிப் பூட்டியதும் விளக்குகள் மின்னுகின்றனவா, பக்கக் கண்ணாடிகள் மடிகின்றனவா என்று பார்த்துவிட்டு, கைப்பிடியையும் டிக்கியையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கைப்பிடியைத் தொட்டாலே திறந்துகொள்ளும் காரானால், சாவியை உடன் வந்தவரிடம் கொடுத்துச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சோதனையே காரைத் திறந்துவிடும்.

இழுத்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரிமோட் சாவியின் ரேடியோ அலையைக் குழப்பும் சிறு கருவியை அருகில் வைத்திருந்தால், நீங்கள் பொத்தானை அழுத்துவீர்கள், கார் பூட்டாது. நடந்து விலகினால் தானாகப் பூட்டும் வசதியையும் முழுமையாக நம்ப வேண்டாம். இரண்டாவது சாவி மனைவியின் கைப்பையில் இருந்து, அவர் காரின் அருகே நின்று பேசிக்கொண்டிருந்தால், கார் பூட்டாமலே நிற்கக்கூடும். தரிப்பு நிலைக்கு மாற்றியதும் எல்லாக் கதவுகளும் தாமாகத் திறந்துகொள்ளும் அமைப்பு இருந்தால், அதை ஓட்டுநர் கதவுக்கு மட்டும் மாற்றி வையுங்கள். ‘ரயரில் காற்றில்லை’ என்று ஒருவர் உங்களை ஒரு பக்கத்தில் பேச்சில் வைத்திருக்க, மற்றவர் மறுபக்கக் கதவைத் திறப்பது பழைய தந்திரம்.

உள்ளே வெந்து போகும் என்று யன்னலை இரண்டு விரல் அளவு இறக்கி விடுபவர்களுக்கு மின்சாரக் கார் நல்ல மாற்று வழியைத் தருகிறது. தொலைபேசிச் செயலியோடு இயங்கும் கார்களில் திரும்பி வரும்போதே ஏசியைப் போட்டுக் குளிர வைக்கலாம். லீஃப் காரில், மின்னேற்றத்தில் நிற்கும்போது ஏசி இயங்க வேண்டிய நேரத்தை முன்கூட்டியே குறித்து வைக்கலாம்.

படி 5: சாவியைக் காப்பாற்றுங்கள்

பையில் இருந்தபடியே கதவைத் திறக்கும் சாவி, காரின் அழைப்புக்கு எப்போதும் பதில் சொல்லத் தயாராக இருக்கிறது. லீஃப் காரில் சாவி கதவுக் கைப்பிடியிலிருந்து சுமார் 80 சென்ரிமீற்றருக்குள் இருந்தால்தான் கதவு திறக்கும். ஒருவர் காரருகேயும் மற்றவர் உங்கள் வீட்டு யன்னலருகேயும் கருவிகளோடு நின்று அந்த அலையை நீட்டித்தால், சாவி மேசையில் கிடக்கக் கார் திறந்துவிடும். ஆகவே இரவில் சாவியை வாசல் பக்க மேசையில் வைக்காதீர்கள். இறுக்கமாக மூடும் பிஸ்கற் தகரப் பேணி ஒன்று பெரும்பாலும் போதும். அலை தடுக்கும் பையும் வாங்கலாம். எதுவானாலும் சோதிக்காமல் நம்ப வேண்டாம்: சாவியைப் பேணிக்குள் இட்டு மூடி, பேணியைக் கார்க் கதவின் அருகே கொண்டுபோய்க் கைப்பிடிப் பொத்தானை அழுத்துங்கள். கதவு திறந்தால் அந்தப் பேணி உதவாது.

பழைய காரை வாங்கியவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு. முன்னைய உரிமையாளரின் கணக்கைக் காரின் செயலியிலிருந்து நீக்க வேண்டும். உங்களிடம் தரப்படாத சாவிகளைக் காரின் நினைவிலிருந்து அழிக்கச் செய்ய வேண்டும். தொலைபேசியே சாவியாக இயங்கும் காரானால், தொலைபேசிக்கும், வசதி இருந்தால் காரை ஓட்டுவதற்கும், இரகசிய எண் இடுங்கள்.

படி 6: மின்னேற்றும்போது

எல்லாப் படிகளிலும் நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். 24 கிலோவாற்மணி பற்றரி கொண்ட லீஃப், வீட்டு மின்சாரத்தில் வெறுமையிலிருந்து நிறைவதற்குச் சுமார் 8 மணித்தியாலம் எடுக்கும். அந்த நேரம் முழுவதும், அதாவது பெரும்பாலும் இரவு முழுவதும், கார் முற்றத்தில் நிற்கிறது. பல வீடுகளில் வயரை அறைக்குள்ளிருக்கும் பிளக்கிலிருந்து யன்னல் வழியாக வெளியே இழுக்கிறார்கள். அந்த யன்னல் இரவு முழுவதும் மூட முடியாமல் நான்கு விரல் அளவு திறந்து கிடக்கிறது. காரைக் காப்பதற்காகப் படலையைப் பூட்டிவிட்டு வீட்டைத் திறந்து வைப்பது போலாகிவிடும். தகுதியான மின்பணியாளரைக் கொண்டு, மழை படாத மூடியுள்ள தனிப் பிளக் ஒன்றை வெளிச் சுவரில் பொருத்தி, அதற்கான சுவிச்சை வீட்டுக்குள் வையுங்கள். பாதுகாப்போடு வயர் சூடாகும் பிரச்சினையும் தீரும்.

மின்னேற்றும் வயரும் பெறுமதியான பொருளே. அதற்குள் செம்பு இருக்கிறது. புதிதாக வாங்கினால் விலை அதிகம். ஜப்பானிலிருந்து வந்த லீஃப் காரின் சாதாரண மின்னேற்றத் தலையில் (வயரின் காரில் செருகும் முனையில்), பெருவிரலால் அழுத்தும் விடுவிப்புக் கொக்கியில் பெரும்பாலும் ஒரு சிறு துளை இருக்கும். பயணப்பைக்குப் போடும் அளவான சிறிய பூட்டை அதில் கொளுவினால் கொக்கியை அழுத்த முடியாது, தலையைக் கழற்றவும் முடியாது. லீஃபின் பிந்திய தயாரிப்புகளில் தலையைக் காரே பூட்டும். அதன் சுவிச்சைத் தானியங்கி நிலையில் வைத்தால் மின்னேற்றம் முடிந்ததும் பூட்டு விடுபட்டுவிடும் என்பதால், சொந்த வயரைப் பயன்படுத்தும்போது நிரந்தரப் பூட்டு நிலையில் வையுங்கள். பிவைடி போன்ற கார்களில் கதவைத் திறந்தால் தலையும் விடுபடக்கூடும். கதவு பூட்டியிருப்பது அங்கே வயருக்கும் காவல். லீஃப் காரின் திரை ஜப்பானிய மொழியில் இருப்பதால் பலர் எந்த அமைப்பையும் தொடுவதில்லை. தெரிந்த ஒருவரை ஒருமுறை அழைத்து, தானாகப் பூட்டும் அமைப்பையாவது சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பொது இடத்தில் மின்னேற்றிக்கொண்டு உள்ளே இருந்து தூங்குபவர்கள் கதவுகளைப் பூட்டி, கைப்பையைப் பக்கத்து இருக்கையில் வைக்காமல் கால்மாட்டில் வையுங்கள்.

படி 7: கமெராவும் 12 வோல்ற் பற்றரியும்

நிறுத்திய பின்னும் பதிவு செய்யும் கமெரா நல்லதே. ஆனால் அது 12 வோல்ற் பற்றரியிலிருந்து மின்சாரம் எடுக்கிறது. அந்தப் பற்றரி இறங்கிவிட்டால், பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும், அலாரம் அடிக்காது, ரிமோட்டும் வேலை செய்யாது. கமெராவைப் பொருத்தும்போது, குறித்த வோல்ற் அளவுக்குக் கீழே இறங்கினால் தானாக நிற்கும் பகுதியைச் சேர்த்துப் பொருத்தச் சொல்லுங்கள். எமது வெயிலுக்கு, லிதியம் பற்றரி இல்லாமல் கொள்ளளவி (கப்பாசிற்றர்) கொண்டு இயங்கும் கமெராவே பொருத்தம். 12 வோல்ற் பற்றரி மூன்று, நான்கு வருடத்தைக் கடந்திருந்தால் சோதியுங்கள். ரிமோட்டுக்குள் மறைந்திருக்கும் இரும்புச் சாவியை எடுத்துக் கதவைத் திறக்கவும் பழகிக்கொள்ளுங்கள். நிறுத்திய பின் கமெராக்களால் சுற்றுப்புறத்தைக் கவனிக்கும் டெஸ்லா காரின் காவல் வசதி, பெரிய பற்றரி 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நின்றுவிடும்.

படி 8: நல்லூர், கீரிமலை, குறிகட்டுவான்

நல்லூர்க் கந்தன் திருவிழாவின் 25 நாட்களும், குறிப்பாக 24ஆம் நாள் தேருக்கும் 25ஆம் நாள் தீர்த்தத்துக்கும், சுற்று வீதிகள் மூடப்படுவதால் கார்கள் ஒழுங்கைகளிலும் வீட்டு வளவுகளிலும் நிறுத்தப்படுகின்றன. ஆண்கள் சேட்டைக் கழற்றி, அதற்குள் பேர்ஸையும் தொலைபேசியையும் சுருட்டி, முன்னிருக்கையில் வைத்துவிட்டு வேட்டியோடு போவது வழக்கம். அந்தச் சுருளை எட்டிப் பார்க்கும் எவரும் அடையாளம் காண்பர். பேர்ஸை வீட்டில் விட்டு, கற்பூரத்துக்கும் அர்ச்சனைக்குமான காசை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். சாவியை வேட்டி மடிப்பில் செருகினால் சனநெரிசலில் நழுவிவிடும். இடுப்பில் கட்டும் சிறிய துணிப்பை ஒன்றில் இட்டு, வேட்டிக்கு உட்புறமாகக் கட்டுங்கள். அணிந்து போகும் சங்கிலி பறிபோகும் என்று பயந்து அதைக் காரில் கழற்றி வைப்பதும் தீர்வல்ல. அந்த நகை அன்று வீட்டிலேயே இருக்கட்டும்.

கீரிமலைக் கேணியிலோ கசூரினா கடற்கரையிலோ குளிக்கப் போகும்போது, சாவியைச் சில்லின் மேலோ செருப்புக்குள்ளோ ஒளித்து வைக்காதீர்கள். கரையில் ஒருவர் மாறி ஒருவர் சாவியோடு இருங்கள்.

குறிகட்டுவானில் காரை விட்டு நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ படகேறுபவர்கள், பல மணித்தியாலம் திரும்பி வர முடியாது என்பதை எண்ணி, டிக்கியை முழுமையாகக் காலி செய்துவிட்டே புறப்படுங்கள். அலாரம் அடித்தாலும் கடல் நடுவில் இருப்பவருக்கு அதனால் பயனில்லை.

படி 9: களவு போய்விட்டால்

கண்ணாடி உடைந்திருப்பதைக் கண்டால் எதையும் தொடாமல் முதலில் படமெடுங்கள். 119க்கு அழையுங்கள் அல்லது அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து, அதன் பிரதியைப் பெறுங்கள். அடையாள அட்டையின் மறுபிரதிக்குக் கிராம அலுவலர் ஊடாக விண்ணப்பிக்கும்போதும், காப்புறுதிக்கும் அது வேண்டும். முழுமையான காப்புறுதி கூட, பொதுவாகக் காரையும் அதில் பொருத்தியவற்றையுமே ஈடு செய்யும். உள்ளே இருந்த கைப்பைக்கும் நகைக்கும் பொருந்தாது என்பதால், உங்கள் ஒப்பந்தத்தை இப்போதே வாசித்துப் பாருங்கள்.

வங்கி அட்டைகளை உடனே நிறுத்துங்கள். தொலைபேசியின் 15 இலக்க அடையாள எண்ணை *#06# என்று அழுத்தி இன்றே எடுத்து வீட்டில் எழுதி வைத்திருந்தால், முறைப்பாட்டில் அதைக் குறிப்பிட முடியும். கமெராப் பதிவின் அட்டையைக் கழற்றி வையுங்கள். விட்டால் புதிய பதிவு பழையதை அழித்துவிடும். அருகிலுள்ள கடைகளின் கமெராப் பதிவுகளும் சில நாட்களில் அழிந்துபோவதால், அன்றே போய்க் கேளுங்கள். சாவி களவு போயிருந்தால் மீதமிருக்கும் எல்லாச் சாவிகளையும் கராஜுக்குக் கொண்டுபோய், போன சாவியைக் காரின் நினைவிலிருந்து அழிக்கச் செய்யுங்கள். அது முடியும்வரை காரை வீதியோரம் நிறுத்தாமல், பூட்டிய படலைக்குள் வைத்திருங்கள்.